தாராவியில் நிழல் தொலைந்த மத்தியானம்

மும்பையில் நான் படிக்கப்போன பல்கலைக்கழகத்தில் முதல் நாள் வெளிநாட்டு மாணவர்களுக்கு வரவேற்பு வைத்தார்கள். ஆளுக்கொரு ரோஜாப்பூ, இரண்டு சமோசா, ஒரு நீண்ட சொற்பொழிவு. முடிவில் குழுப்படம். புகைப்படக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி, கமராவுக்குள் பார்த்து, என்னைச் சுட்டி ஹிந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற கென்யா நாட்டுப் பையன்தான் மொழிபெயர்த்தான்: "உதவிக்கு வந்த உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டுமாம்."

நான் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். புகைப்படக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மனமிரங்கி, ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு நைஜீரியக்காரருக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் கொடுத்தார். பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் என்னுடைய வலது காது தெரிகிறது.

பருத்தித்துறையிலிருந்து வான் இயற்பியல் படிக்க மும்பைக்குப் போனவள் நான். 'வெளிநாட்டு மாணவி' என்று அட்டையில் அச்சடித்துத் தந்திருந்தார்களே தவிர, அந்த ஊரில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. செம்பூரில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார லலிதா மாமி தெளிவாகவே சொல்லிவிட்டார்:

"யாழ்ப்பாணத்தப் போய் ஃபாரின்னு சொல்லாதேடி கொழந்தே. ப்ளேன்ல ரெண்டு வேளை சாப்பாடு போட்டாத்தான் அது ஃபாரின். ஒனக்கு என்ன போட்டா?"

"ஒரு பிஸ்கற்."

"பாத்தியா!"

மாமி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பூருக்குக் கல்யாணமாகி வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதை வெளியூர் மாதிரித்தான் பேசுவார். காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் மாட்டுங்காதான். ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பெரிய வரிசையில் நின்று ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். நான் ஆசையாக இடியப்பம் கேட்டேன். பரிமாறுபவர் யோசித்துவிட்டு, "சேவைதானே?" என்று எலுமிச்சை பிழிந்து தாளித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல ருசிதான். ஆனால் இடியப்பத்தை உதிர்த்து, தாளித்து, அதன் அடையாளத்தையே அழித்து வைத்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேங்காய்ப்பால் சொதி கிடைக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் மாடர்ன் ஹோட்டல்ல கேளுங்கோ" என்றார்.

என்னுடைய தமிழும் இடியப்பம் போலத்தான் அங்கே நடத்தப்பட்டது. "மாமி, உங்களோடை கொஞ்சம் கதைக்கோணும்" என்று ஒரு நாள் சொன்னேன். மாமி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து, "சொல்லு, என்ன கதை?" என்றார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னதும் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

வான் இயற்பியல் என்றால் இரவெல்லாம் தொலைநோக்கியும் கையுமாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். முதல் பருவம் முழுக்கக் கரும்பலகை. எங்கள் துறைக் கட்டடத்தின் உச்சியில் ஒரு தொலைநோக்கி இருந்தது உண்மை. அதற்கு மேலிருந்த குவிமாடம் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நின்றுவிட்டதால், புறாக்கள்தான் அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்தன. வானமோ அதைவிட மோசம். மிகத் தெளிவான நாளில் ஏழெட்டு நட்சத்திரம் தெரியும். அதில் பாதி சற்று நேரத்தில் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் தரையிறங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போன் எடுப்பார். அம்மா தையற்காரி. பருத்தித்துறையில் பாதிப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை அவர் கையால் தைத்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்குக் கிடைக்கவிருந்த ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நான் கடல் கடந்து போனதை அவர் மன்னிக்கவில்லை. நலம் விசாரித்த கையோடு அந்தக் கேள்வி வரும்.

"இந்தக் கிழமை எத்தினை வெள்ளி பாத்தனி?"

எங்கள் ஊரில் வாரத்தைக் கிழமை என்போம், நட்சத்திரத்தை வெள்ளி என்போம். நான் உண்மையைச் சொல்வேன்.

"மூண்டு."

"இஞ்ச வந்து முத்தத்திலை பாயைப் போட்டுப் படு. எண்ணி முடிக்கேலாது. உள்ள வானத்தை விட்டுப்போட்டு இல்லாத வானத்தைப் படிக்கப் போனனியாம்."

வீட்டு ஆடு எப்படி இருக்கிறது என்று நான் பேச்சை மாற்றுவேன்.

இரண்டாம் பருவத்தில் நிலைமை சிக்கலாகிவிட்டது. வானத்தில் எதையாவது நாமே அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் எனக்கு உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நானும் என்னோடு படித்த ஜெரினாவும் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் தேடினோம். ஒளி மாறுவதைப் பார்ப்பதற்கு முதலில் ஒளி தெரியவேண்டும். மும்பைப் புகைமூட்டம் அந்த வாய்ப்பைத் தரவில்லை. மே மாதம் வந்தது. கையில் ஒன்றுமில்லாமல் பேராசிரியர் குல்கர்ணியின் அறையில் போய் நின்றோம்.

அவர் மேசைவிசிறியைத் தன் பக்கம் திருப்பிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "இரவு நட்சத்திரங்களை விட்டுவிடுங்கள். பகலில் ஒன்று தெரிகிறதே, அதை அளப்பதற்கென்ன?"

மே நடுவில் ஒரு நாள் மும்பையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். அந்த உச்சிப்பொழுதில் நேராக நிற்கும் கம்பிக்கு நிழலே விழாது. அதே நாளில் பருத்தித்துறையில் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். அங்கே நிறுத்திய கம்பியின் நிழல் சிறிது தெற்கே விழும். அந்த நிழலின் நீளமும், இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்தால், பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே மனிதர் செய்து பார்த்த வேலைதான்.

"உனக்குத்தான் தெற்கே வீடு இருக்கிறதே, அங்கே யாராவது அளப்பார்களா?" என்று கேட்டார் பேராசிரியர். "இந்தத் தடவை தவறவிட்டால் அடுத்து ஜூலை கடைசி. ஜூலையில் மும்பையில் சூரியனைப் பார்த்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை."

அந்த நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்கே அம்மாவுக்கு எடுத்தேன்.

"சூரியனோ?" என்றார் அம்மா. தையல் மெஷின் நின்றது. "சூரியனைப் பாக்கிறதுக்கோ கப்பலேறிப் போனனி?"

"பிளேனிலைதானே அம்மா வந்தனான்."

"இப்ப அதே முக்கியம்? என்ன செய்யோணும் சொல்லு. பள்ளிக்கூடச் சட்டையள் குவிஞ்சு கிடக்கு."

கடையில் துணி அளக்கும் மீற்றர் கோல் ஒன்று அம்மாவிடம் உண்டு. அதைச் சீமெந்து முற்றத்தில் செங்குத்தாக நிறுத்தி, அவர் தங்கை சின்னம்மா பிடித்துக்கொள்ள, நிழல் எல்லாவற்றிலும் குறுகிப்போகும் நேரத்தில் அதை அளக்க வேண்டும் என்று விளக்கினேன். கோல் சரியாக நிற்கிறதா என்று எப்படித் தெரியும் என்று அம்மாவே கேட்டார். நூலில் எதையாவது கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். "நூலுக்கு இஞ்ச பஞ்சமில்லை" என்று வைத்துவிட்டார்.

மும்பைப் பக்கத்துக் கம்பிக்கு ஜெரினா பொறுப்பேற்றாள். அவள் தாராவியில் பிறந்தவள். மேலப்பாளையத்துக்காரக் குடும்பம். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டாள். கணக்கு மாத்திரம் எந்த மொழியிலும் போடுவாள். அவளுடைய வாப்பாவுக்குத் தாராவியில் ஒரு பட்டறை. தோல் பைகளுக்கு வளையமும் கொக்கியும் செய்கிற இடம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே போனேன். கல்லி என்று அவர்கள் சொல்லும் அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்று வழி விடவேண்டும். இருபுறமும் இரண்டு மாடி, மூன்று மாடி. மேல் மாடிகளுக்கு வெளியே இரும்பு ஏணி. தலைக்கு மேல் வயர்களும், காயும் துணிகளும், நீலத் தார்ப்பாய்களும்.

"வாப்பா, இது நிரூ. நிரோஜினி. என் கிளாஸ். ஃபாரின் ஸ்டூடண்ட்" என்றாள் ஜெரினா.

வாப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "ஃபாரினா? பாத்தா நம்ம தூத்துக்குடிப் பிள்ள மாதிரில்லா இருக்கு. இரிம்மா. கம்பி என்னத்துக்கு?"

"பூமிய அளக்கப் போறோம் வாப்பா."

"பூமியவா? இங்க பத்துக்குப் பத்து ரூம அளக்கதுக்கே ஆளாளுக்குச் சண்ட போடுதானுவ. நீங்க பூமிய அளந்து யார்ட்ட பஞ்சாயத்துக்குப் போப்போறீய?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கம்பியை வெட்டி, கனமான ஓர் அடித்தட்டில் பற்றவைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கண்ணாடி போல் மினுக்கி எடுத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கம்பியின் உச்சியில் பித்தளை வளையம் ஒன்றையும் ஒட்டிவிட்டார்.

"மாமா, வளையம் வேண்டாம். அதுக்கும் நிழல் விழும்."

"சும்மா மொட்டக் கம்பியாவா கொண்டுபோறது? பாக்கவன் என்ன சொல்லுவான், இந்தப் பட்டறையில செஞ்சதுன்னு?"

"அரே வாப்பா, டிசைன் நகோ! சயின்ஸ்!" என்று ஜெரினா கத்தினாள். அவர் முகம் வாடியது. வளையத்தை அறுத்து எடுத்தார். அதற்குப் பிறகு சாப்பிட அழைக்கும்வரை கம்பியை மறுபடி மறுபடி மினுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெரினாவின் உம்மா வைத்த தட்டில் இடியப்பம். உதிர்க்காத, தாளிக்காத, வட்டமான, வெள்ளை இடியப்பம். கூடவே கறிச்சால்னா. நான் எத்தனை சாப்பிட்டேன் என்று எண்ணவில்லை. உம்மா எண்ணியிருப்பார். "பிள்ள பட்டினி கெடந்து வந்திருக்கு" என்று உள்ளே யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

கம்பியோடு ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் செம்பூர் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினேன். வேலை விட்டு வீட்டுக்குப் போகும் நேரம். கம்பியைத் தரையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன், இடுப்பளவு உயரம். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியதும் ஒரு கை வந்து கம்பியைப் பற்றியது. பிறகு இன்னொரு கை. சுனாபட்டி தாண்டுவதற்குள் எனக்குப் பிடிக்க இடமில்லை. குர்லாவில் ஏறிய ஓர் அம்மா காய்கறிப் பையை அடித்தட்டின் மேல் வைத்து, கம்பியில் சாய்ந்துகொண்டு, "ரயில்வேக்கு இப்பவாவது புத்தி வந்ததே" என்று மராத்தியில் சொன்னதாகப் பக்கத்துப் பெண் சிரித்துச் சிரித்து எனக்கு ஹிந்தியில் விளக்கினாள்.

செம்பூரில் நான் கம்பியைத் தூக்கியதும் பெட்டியில் கலவரம். "எங்கே கொண்டுபோகிறாய்? அதை வை!" என்று குரல்கள். "இது என்னுடையது" என்றேன். "உன்னுடையதென்றால் நாங்கள் எதைப் பிடிப்பது?" என்று ஒருத்தி நியாயம் கேட்டாள். ரயில் நகரத் தொடங்கும்போது காய்கறிப் பையிலிருந்து விழுந்த இரண்டு கத்தரிக்காய்களோடு இறங்கினேன்.

அடுத்த பிரச்சினை, கம்பியை எங்கே வைப்பது? துறைக் கட்டட மொட்டைமாடியில் மழைக்கு முன் தார் பூசிக்கொண்டிருந்தார்கள். மாமி வீட்டுக் குடியிருப்பின் மொட்டைமாடிதான் எங்கள் நம்பிக்கை. அதன் சாவி குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம். வழுக்கைத் தலையும் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டையுமாக வந்த அவர் கம்பியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இது ஏன்டெனாவா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்லை, நிழல் பார்க்க."

"நிழலைப் பார்க்க என்ன இருக்கிறது?"

"அன்றைக்கு அது இருக்காது. அதைத்தான் பார்க்கிறோம்."

இல்லாத ஒன்றைப் பார்க்க இரும்புக் கம்பி எதற்கு என்று அவர் யோசித்தார். என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தார். "நீங்கள் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டுக்காரர் மொட்டைமாடியில் கருவி வைப்பதற்கு விதிகளில் இடமில்லை. தவிர, அப்பளம் காய்கிறது." மும்பையில் என்னை வெளிநாட்டுக்காரி என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டவர் அவர்தான். அதுவும் இதற்காக.

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமி வெளியே வந்தார். "அவ எங்காத்துப் பொண்ணு! அவளைப் போய் ஃபாரின்ங்கறேளா?" என்று தமிழில் தொடங்கி, ஹிந்திக்கு மாறி, ஆங்கிலத்தில் முடித்தார். செயலாளர் அசையவில்லை. அப்பளம் சங்கத் தலைவரின் மனைவியுடையதாம்.

கவலையோடு ஜெரினாவுக்குப் போன் போட்டேன். "அரே யார், டென்ஷன் எடுக்காத" என்றாள். "எங்க கல்லியிலயே வெப்போம். சூரியன் தல மேலதான வருது? கல்லிக்கு உள்ள நேரா வுழும்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்த இடுக்கான சந்தின் தரையில் வருடத்தில் எப்போதாவது வெயில் நேராக விழுமென்றால் அது அந்த நாளில்தான்.

அன்று காலை நான் கம்பியை எடுத்தபோது மாமி புடவை மாற்றி, மோர்ப் பாட்டிலும் குடையுமாக வாசலில் நின்றார். "நானும் வரேன். ஏக்தம் கூப்பிடு தூரம் மாட்டுங்காவும் தாராவியும். பொறந்ததுலேருந்து பஸ்ஸுல அதத் தாண்டிப் போயிருக்கேனே தவிர, ஒரு நாள் எறங்கிப் பாத்ததில்லே." ஆட்டோவில் கம்பி மாமிக்கும் எனக்கும் நடுவே மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்தது.

கல்லியில் வேலை காலையிலேயே தொடங்கிவிட்டது. மேலே கட்டியிருந்த தார்ப்பாய்களைச் சுருட்ட வேண்டும், துணிக்கொடிகளை அவிழ்க்க வேண்டும். ஜெரினா ஏணிக்கு ஏணி தாவி ஹிந்தியிலும் தமிழிலும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, காயாத துணிய எடுக்கச் சொல்லுத! உன் பாடத்துக்கு எம்புள்ள ஈரச் சட்டை போடவா?" என்று மேல்மாடி அம்மா ஒருவர் கேட்டார். பிறகு அவரே ஈரத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்.

வாப்பா மாமிக்கு நாற்காலி போட்டார். மாமி ஊர் விசாரித்தார்.

"மேலப்பாளையம்" என்றார் வாப்பா.

"ஐயோ! எங்காத்துக்காரருக்குக் கல்லிடைக்குறிச்சி!"

அவ்வளவுதான். இருவரும் ஒரே ஆற்றில் யார் ஊர்த் தண்ணீர் ருசி என்று வாதாடத் தொடங்கினார்கள். நான் கம்பியைத் தரையில் வைத்து மட்டம் பார்த்து, அடித்தட்டுக்குக் கீழே அட்டைத் துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு யோசனை வந்தது. கம்பியை வடக்கே சாய், தெற்கே சாய், எலுமிச்சம்பழம் கட்டு. பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், நிழல் விழாவிட்டால் எங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். நான் விளக்கினேன். "அப்ப பூமி உருண்டதானா?" என்று அக்கறையாகக் கேட்டு, ஆம் என்றதும் திருப்தியோடு போனார்.

எங்கள் ஊர் மும்பைக்குக் கிழக்கே இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது அரை மணி நேரம் முந்தி வந்துவிடும். போன் அடித்தது.

"முடிஞ்சுது" என்றார் அம்மா, மூச்சு வாங்க. "சின்னம்மா கோலைப் பிடிச்சவ. நான் அளந்தனான். ஆட்டைக் கட்டிப்போட்டுத்தான் செய்தனாங்கள், இல்லாட்டி தட்டி விழுத்தியிருக்கும். ஆறே கால்."

"ஆறே காலோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"என்ரை கண்ணிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ? ஆறே கால். நான் உலை வைக்கோணும்."

ஆறே கால் என்று கையில் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. கல்லிக்கு மேலே தெரிந்த வானத் துண்டை ஒரு மேகம் முழுதாக மூடியிருந்தது. மே மாதத்து மேகம். மழையும் தராது, நகரவும் செய்யாது. ஜெரினா என் கையைப் பிடித்தாள். ஊருக்குப் போகும் பெட்டியில் எதை முதலில் வைப்பது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். வாதம் நின்றது. கல்லியில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போ, போ" என்று ஈரத்துணி அம்மா மேகத்தைக் கோழி விரட்டுவதுபோல் விரட்டினார்.

மேகத்தின் ஓரம் முதலில் வெளுத்தது. பிறகு வெயில் கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் கல்லிக்குள் நேராக இறங்கியது. கம்பியின் அடியில் விரல்நகமளவு நிழல். நாங்கள் பார்க்கப் பார்க்க அது சுருங்கிக் கம்பிக்குள்ளேயே போய்விட்டது. மினுமினுத்த கம்பி, நிழலில்லாமல், யாரோ படத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாமி எழுந்து வெயிலுக்கு வந்து, குடையை மூடி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். "ஏன்டி, எங்கேயும் போகலே. காலுக்கடியிலேயே ஒளிஞ்சுண்டிருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் சிரிப்பும் விசிலும். மேல்மாடி அம்மா வெயில் இருக்கும்போதே ஈரத் துணிகளை என் கம்பியில் காயப்போட்டார்.

அன்று பிற்பகல் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பூமியின் சுற்றளவு லட்சத்து மூவாயிரம் கிலோமீற்றர் என்று வந்தது. உண்மையில் அது நாற்பதாயிரம். மறுபடி போட்டோம். மறுபடியும் லட்சம்.

"நிரூ, பூமி வீங்கிப்போச்சு" என்றாள் ஜெரினா மெதுவாக.

மறுநாள் காலை அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு மீற்றர் கோலுக்கு ஆறே கால் சென்ரிமீற்றர் நிழல் மிகவும் குறைவு. போனை எடுத்தேன்.

"அம்மா, கோல் முழுசா ஒரு மீற்றர்தானே?"

"முழுசா."

"நிழலை எதாலை அளந்தனீங்கள்?"

"சட்டைக்கு அளவெடுக்கிற ரேப்பாலை."

"எந்தப் பக்கம்?"

"தெற்குப் பக்கம். நீதானே சொன்னனி தெற்கைதான் விழுமெண்டு?"

"நிழல் இல்லை அம்மா, ரேப்! ரேப்பின்ரை எந்தப் பக்கம்?"

"மஞ்சள் பக்கம்."

"அது அங்குலமோ, சென்ரிமீற்றரோ?"

அம்மாவின் குரல் உயர்ந்தது. "இவ்வளவு காலமும் ஊருக்குச் சட்டை தைச்சதெல்லாம் அங்குலத்திலை. சூரியனுக்கு மட்டும் வேறை அளவோ?"

அருகே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ஜெரினா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். அங்குலமாக மாற்றிப் போட்டோம். நாற்பத்தோராயிரம் கிலோமீற்றர். ஆயிரம்தான் பிழை. துணி அளக்கும் கோலுக்கும் கொக்கிப் பட்டறைக் கம்பிக்கும் பூமி அவ்வளவு நெருக்கமாக அகப்படும் என்று நான் நினைக்கவில்லை. பேராசிரியர் அறிக்கையைப் படித்துவிட்டு, ஆடு கட்டப்பட்டிருந்தது என்ற வரியின் கீழ் கோடு போட்டார். "இப்படியான கவனத்தைத்தான் உங்கள் எல்லோரிடமும் எதிர்பார்க்கிறேன்" என்று வகுப்பில் சொன்னார். நாங்கள் தேறினோம்.

அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அம்மா நினைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ஏழே முக்கால்" என்றார்.

"என்ன அம்மா ஏழே முக்கால்?"

"நிழல். நீ அளக்கச் சொன்ன நாளிலை இருந்து ஒவ்வொரு நாளும் அளக்கிறம். கூடிக்கொண்டு போகுது. உனக்குத் தெரியுமோ?"

தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை. "அப்படியோ" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் எனக்கொரு எண் வந்தது. வகுப்பில் இருந்தாலும், வரிசையில் நின்றாலும், ரயிலில் தொங்கினாலும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளிக் கணக்கு கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்க நேரமில்லை. சின்னம்மா கோலைச் சரிவாகப் பிடிக்கிறா, அயல்வீட்டு மாமரக்கிளை இடைஞ்சல், முகில் வந்த நாளுக்கு என்ன எழுதுவது என்று பேசவே நேரம் போதவில்லை.

ஜூனில் மும்பையில் மழை பிடித்தது. வானம் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. தண்டவாளங்கள் தண்ணீருக்குள் கிடக்க, செம்பூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு நானும் நனைந்தபடி வராத ரயிலுக்குக் காத்திருந்தேன். மாதக் கடைசி வாரம். போன் அடித்தது. அம்மாவின் குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

"பிள்ளை, ஏதோ பழுதாப்போச்சு. ஒன்பதரையிலை நிழல் நிண்டிட்டுது. நாலைஞ்சு நாளா அசையேல்லை. இண்டைக்கு ஒரு நூலளவு குறைஞ்சும் கிடக்கு. நான் எங்கையோ பிழை விட்டிட்டன்போலை."

மழைச் சத்தத்தில் நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பிழை இல்லை அம்மா. சூரியன் வடக்கே போற மட்டும் போயிட்டுது. இனித் திரும்பி வரும். நீங்கள் பிடிச்சிட்டியள்."

அம்மாவுக்குப் பின்னால் சின்னம்மா "என்னவாமக்கா?" என்று கேட்பது கேட்டது. "திரும்புதாமடி" என்று அம்மா அவருக்குச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார்.

"அங்கை எப்படி? வெயிலோ?"

"மழை. சூரியனைக் கண்டே இரண்டு கிழமையாகுது."

"சரி, நனையாதை" என்றார் அம்மா. "நீ ஆறுதலாப் படிச்சு முடிச்சிட்டு வா. இஞ்ச சூரியனை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."